ஒரே காது

முட்டையக்காவுக்குப் படம் வரையத் தெரியாது என்பது பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். வரையச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. காலையில் வந்ததும் முட்டை உடைக்க வேண்டும். வெள்ளை வேறு மஞ்சள் வேறாகப் பிரிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கரி பிடித்த ட்ரேக்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு முட்டையை எடுத்து ஒரே தட்டில் உடைப்பாள். ஓட்டுச் சில்லு ஒன்றுகூட உள்ளே விழாது. அந்தக் கைவாகினால் வந்த பெயர்தான் முட்டையக்கா. நாற்பதைத் தாண்டி, கல்யாணம் தட்டித் தட்டிப் போய், தம்பி குடும்பத்தோடு ஒண்டியிருந்தவளுக்கு அது ஒரு பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டது.

கேக்கில் படம் போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டான். போனது கெட்ட நேரம். அப்போதுதான் ஊரில் கார்ட்டூன் கேக் பைத்தியம் பிடித்திருந்தது. அப்பா, அம்மா, பிள்ளை என்று மொத்தக் குடும்பத்தையும் போனில் காட்டி, "இதைப் பொம்மை மாதிரி கேக் மேல போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் பழகிப் பாக்கட்டுமா முதலாளி?"

ஈரக் கையோடு வந்து நின்று அவள் கேட்டதும் பாக்கிங் மேஜையில் சிரிப்பு கிளம்பியது. முதலாளியும் சிரித்தார்.

"நீ வரைஞ்சா ஜனங்க கேக்கைத் தின்னுவாங்களா, பயந்து ஓடுவாங்களா? சரி, புது ஆள் கிடைக்கிற வரைக்கும் கையைக் காலை ஆட்டிப் பாரு. வந்தா வரட்டும். வரலேன்னா ட்ரே இருக்கவே இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தை அவளைக் குத்தியது. ட்ரே இருக்கவே இருக்கு. அவள் விரலிடுக்கில் ட்ரே தேய்க்கிற சோடா தின்ற புண் வருஷக்கணக்காக ஆறவே இல்லை. க்ரீம் கோன் பிடிக்கிறவனுக்கு முக்காலி உண்டு, மின்விசிறி உண்டு, நடுவில் டீ உண்டு. ட்ரே கழுவுகிறவளுக்குக் குழாயடி. அந்த முக்காலிக்காகத்தான் அவள் பென்சில் பிடித்தாள். கலை வளர்க்க அல்ல.

தம்பியின் பழைய போனில் யாரோ ஒருத்தி வரையக் கற்றுக்கொடுத்தாள். தலை என்பது ஒரு முட்டை, அதிலிருந்து தொடங்குங்கள் என்றாள். முட்டையக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முட்டையைப் பற்றி எனக்கே பாடமா என்றிருந்தது அவளுக்கு. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. கண் தலையில் மேலே தள்ளி இருக்கிறது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்; அது தலையின் சரிபாதியில் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. கண்ணாடி முன் நின்று அளந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எந்த முகத்தில் எது எடுப்பாக இருக்கிறதோ அதை இன்னும் பெரிதாக்குங்கள் என்றாள் போன்காரி. மூக்குக்காரனுக்கு மூக்கு, பல்லுக்காரிக்குப் பல். இது முட்டையக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்தவர் குறை அவள் கண்ணில் எப்போதும் படும்.

காது மட்டும் வரவே இல்லை. எப்படிப் போட்டாலும் பிய்த்துப் போட்ட பன் மாதிரி தொங்கியது.

வேலை மேஜைக்கும் முன்கடைக்கும் நடுவில் சாமான் எடுத்துக் கொடுக்கிற சிறு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் கல்லாவில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் இடது காது தெரியும். நாள் முழுக்க அந்த ஒரு காதுதான் தெரியும். மேல் விளிம்பு இஸ்திரி போட்டது போல மடங்கிப் படிந்திருக்கும். கீழ்நுனி தொங்காமல் கன்னத்தோடு ஒட்டிப் போயிருக்கும். வேறு காது கிடைக்காததால் முட்டையக்கா அதையே பார்த்து பட்டர் பேப்பர் துண்டுகளில் வரைந்து தள்ளினாள். ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அந்தக் காது வந்தது. அதையே எடுத்து எல்லாத் தலையிலும் ஒட்டினாள். வாடிக்கையாளர்கள் காதையா பார்க்கிறார்கள்? மூக்கைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், வாங்கிப் போனார்கள்.

பார்த்தவள் ஒருத்திதான். தம்பி பொண்டாட்டி.

தம்பி அதே பேக்கரியின் ரொட்டி வேன் ஓட்டினான். அவன் பொண்டாட்டிக்குப் பாக்கிங் மேஜையில் வேலை. கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் தோன்றியதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அவர்களும் நாலு வயதை எட்டப்போகிற பையனும். இன்னொன்றில் முட்டையக்காவும் அப்பாவும். அப்பா முடிதிருத்துகிறவராக இருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஒருத்தர் காது நுனியைக் கத்தியால் சீவிவிட்ட பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். வழுக்கைத் தலை சில்லிடுகிறது என்று கோடையிலும் கம்பளிக் குல்லா கழற்றாத மனிதர்.

ஒரு சாயங்காலம் முட்டையக்கா வரைந்து வைத்திருந்த தாள்களை எடுத்துப் பார்த்த தம்பி பொண்டாட்டி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"அண்ணி, இது யாரு? உருளைக்கிழங்குக்கு மீசை முளைச்ச மாதிரி?"

"அது அடுப்பு மாஸ்டர். குடு இங்க."

"இருங்க, இருங்க. அதென்ன எல்லாருக்கும் ஒரே காது? அய்யோ, இது முதலாளி காதாச்சே! மடிச்சு வெச்ச காது! ஊர்ல இருக்கிற அத்தனை குடும்பமும் முதலாளிக்கே பொறந்த மாதிரி இருக்கு அண்ணி!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முட்டையக்கா தாளைப் பிடுங்கிக் கசக்கினாள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. சொன்னது உண்மை என்பதுதான் அதில் தாங்க முடியாத விஷயம். மறுநாளிலிருந்து வேறு காதுகளை ஒளித்து ஒளித்து வரையத் தொடங்கினாள். ஆனால் பழகின காது விரலை விட்டுப் போவேன் என்றால்தானே?

அதற்குள் பையனின் பிறந்தநாள் வந்துவிட்டது.

கேக்கை அவளே போட்டாள். தாளில் தப்பினால் அழிக்கலாம். க்ரீமில் ரப்பர் கிடையாது. அதனால் தெரியாததை எல்லாம் மறைத்தாள். தம்பிக்கு வேன் ஓட்டுகிற தொப்பி. அப்பாவுக்குக் கம்பளிக் குல்லா. தம்பி பொண்டாட்டிக்குத் தோள்வரை விரித்த தலைமுடி. தனக்குப் பேக்கரித் தொப்பி. பையனுக்கு மட்டும் அந்த வாரம்தான் ஒட்ட முடி வெட்டியிருந்தார்கள். மறைக்க வழியில்லை. சாக்லேட் கோனை எடுத்துக் கைக்கு வந்த காதைப் போட்டுவிட்டாள். பையனுடைய காதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே நல்ல மழை. ஈரச் செருப்புகள் படியெல்லாம் கிடந்தன. அடுப்பு மாஸ்டர், பாக்கிங் பெண்கள், கீழே சைக்கிள் கடைக்காரர் என்று அறை நிரம்பிவிட்டது. முதலாளியும் ஒரு பொம்மைக் காரோடு வந்தார். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் 'அட' என்றார்கள்.

"அக்கா! அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே!" என்றான் தம்பி. "உன் கையில இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமயே இருந்துட்டோமே!"

அவளை யாரும் இப்படிச் சொன்னதில்லை. முட்டையக்காவுக்குக் காதெல்லாம் சூடேறியது.

முதலாளி குனிந்து பார்த்தார். மனிதர் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிற ரகம். தன் இடது காதைத் தட்டிக் காட்டினார்.

"என்னம்மா, பயலுக்கு என் காதைத் தூக்கி வெச்சுட்ட?"

அறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தம்பி பொண்டாட்டி சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல அண்ணி!" என்றாள்.

"அது பாத்ததைத்தானே வரையும்," என்றார் அடுப்பு மாஸ்டர். அவரும் தமாஷுக்குத்தான் சொன்னார்.

இன்னும் கொஞ்சம் சிரிப்பு. தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் வாய் அப்படியே விரிந்திருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. கேக் வெட்டியதும் பையன் தன் மூஞ்சி இருக்கும் துண்டுதான் வேண்டும் என்று அடம் பிடித்தான். கொடுத்தார்கள். அந்தக் காதை அவனே நக்கித் தின்றான்.

மறுநாள் காலையில் அப்பா பேரனை மடியில் இழுத்து உட்கார வைத்தார். கட்டைவிரலால் அவன் காதை மேலிருந்து கீழாக நீவினார். மேல் விளிம்பை மடக்கினார், விட்டார், மறுபடியும் மடக்கினார்.

"தாத்தா, வலிக்குது."

"சும்மா இருடா. நாப்பது வருஷம் காது ஓரத்துல கத்தி ஓட்டினவன். முதலாளிக்கும் அவங்க அப்பனுக்கும் நான்தான் முடி வெட்டினேன். ரெண்டு பேருக்கும் ஒரே மடிப்பு." தம்பி பக்கம் முகத்தைத் திருப்பினார். "இவனுக்கு இப்போ மடிப்பு தெரியல. சின்னதுல தெரியாது. வளர வளரத்தான் விழும்."

"என்னப்பா சொல்ற?"

"நான் என்னத்த சொல்றது? கண்ணு தெரியாதவன். கண்ணு தெரிஞ்சவ வரைஞ்சு வெச்சிருக்கா."

தம்பி டீயை அப்படியே வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனான். அவன் காலையில் கிளம்பி, கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு மத்தியானம்தான் திரும்புவான். அந்த நேரம் முழுக்கத் தன் பொண்டாட்டி பேக்கரியில், முதலாளி கல்லாவில் இருந்து கூப்பிடும் தூரத்தில் இருக்கிறாள் என்பது இவ்வளவு நாள் அவனுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அதுதான் விஷயம். சந்தேகப்படத் தெரியாத பயல். அதனாலேயே வந்த சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டினான்.

முதலில் அவளோடு பேச்சை நிறுத்தினான். பிறகு வேலைக்குப் போகாதே என்றான். பையன் தூங்கும்போது ஜன்னலருகே தூக்கிக்கொண்டு போய்க் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க மடிப்பு தெரிவது போலிருந்தது. தாத்தா ஒருபுறம், அப்பன் ஒருபுறம் பிடித்துப் பிடித்து அந்தக் காது சிவந்து வீங்கிவிட்டது. யார் கிட்டே வந்தாலும் பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு அவனாகவே தாத்தாவின் பழைய குல்லா ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டான். வெயிலிலும் கழற்றவில்லை.

தம்பி பொண்டாட்டி முதலில் சிரித்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தத்தைக் குடுத்துப் பாத்துடலாம்."

"எதுக்கு? ஊரெல்லாம் சிரிக்கவா? இப்போ சிரிக்கிறது பத்தலையா?" என்றான் தம்பி. "எங்க அக்காவுக்கு உன் மேல என்ன பகை? அது கை பொய் சொல்லுமா?"

ஒருநாள் மத்தியானம் அவள் பேக்கரிக் குழாயடிக்கே வந்து நின்றாள். முட்டையக்கா கடைசி முறையாக ட்ரே கழுவிக்கொண்டிருந்தாள். முதலாளி அன்று காலைதான், புது மாஸ்டர் வேண்டாம், நீயே உட்கார் என்று சொல்லியிருந்தார். முக்காலி அவளுடையது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியும். ஒரே காதுதான் வரும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற காது வராது, அதனால போட்டேன்னு சொல்லுங்க போதும்."

முட்டையக்கா சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா பேசாத. முதலாளிக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே!"

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. வரையத் தெரியாதவளையா உக்கார வெச்சேன்னு அவர் கேட்டா? மறுபடியும் இந்தக் குழாயடிதான்."

"என் வாழ்க்கை அண்ணி."

"உருளைக்கிழங்குன்னு சிரிச்சல்ல?"

அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. தம்பி பொண்டாட்டி குனிந்து முட்டையக்காவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் அண்ணி. வாய்க்கொழுப்பு. மன்னிச்சுடுங்க," என்றாள். முட்டையக்காவுக்கு அது பிடித்திருந்தது. கையைப் பிடித்துக் கெஞ்சுகிற ஆள் அவள் வாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை. "பாக்கலாம், போ," என்று அனுப்பிவிட்டாள். பிறகு பார்க்கவில்லை.

வீடு இப்படி எரிந்துகொண்டிருக்க, அவள் காதுகளை வரைந்தாள். ரோஷம் ஒருபுறம், இனி யாரும் சிரிக்கக் கூடாது என்ற வெறி ஒருபுறம். குல்லா நழுவித் தூங்குகிற அப்பாவின் காது, பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிற தம்பியின் காது, அடுப்பு மாஸ்டரின் மயிர் முளைத்த காது. வெளி வளைவு, உள் மேடு, நடுக்குழி, நுனி. ஒருநாள் சட்டென்று பிடி கிடைத்துவிட்டது. அதன் பிறகு எந்தக் காதும் வந்தது. அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி தன் பொண்டாட்டியின் துணிப்பையை எடுத்து நடுவில் வைத்தான். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பையன் மேஜைக்கு அடியில் குல்லாவோடு உட்கார்ந்து பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க அம்மா வீட்டுக்குப் போ. அவனையும் கூட்டிட்டுப் போ."

அவள் அழவில்லை. நேராக முட்டையக்காவைப் பார்த்துக்கொண்டு அவனிடம் சொன்னாள்.

"போறேன். ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டுப் போறேன். அண்ணி கையில ஒரு பென்சிலைக் குடு. உன் காதைப் பாத்து வரையச் சொல்லு. அவங்களுக்கு ஒரு காதுதான் வரும். யார் காதை வரைஞ்சாலும் முதலாளி காதுதான் வரும். எம் புள்ளையைப் பாத்து அவங்க வரையவே இல்ல. வேற காது வந்துச்சுன்னா நான் வாயைத் திறக்காம போயிடுறேன்."

அப்பா குல்லாவை மேலே தள்ளிக்கொண்டு, "நியாயம்தான்," என்றார். "உன் காது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. முதல் முடி வெட்டினதே நான்தானே. பெரிசா வரையச் சொல்லு. கிட்ட வெச்சுப் பாத்துடறேன்."

தம்பியின் முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. அவனும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தான் போல. கட்டிலில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தான்.

"அக்கா, நிஜமா உனக்கு ஒரே காதுதான் வருமா? வரலேன்னா வரலேன்னு சொல்லிடுக்கா. ஒண்ணும் தப்பில்ல. வரைஞ்சு காட்டு."

முட்டையக்கா தாளை எடுத்து மடியில் அட்டை வைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. மேல் விளிம்பை மடித்துவிட்டால் போதும். நுனியைக் கன்னத்தோடு ஒட்டிவிட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காது அது. போட்டுவிட்டால் தம்பி சிரிப்பான், பையை உள்ளே எடுத்து வைப்பான், பையன் குல்லாவைக் கழற்றுவான். தம்பி பொண்டாட்டியும் சிரிப்பாள். கொஞ்ச நாள் கழித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "அண்ணிக்கு ஒரே காது" என்று பாக்கிங் மேஜையில் சொல்லுவாள். சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

மடிப்பைத் தொடங்கத்தான் பென்சிலை வைத்தாள். எதிரே வெயில் பட்டுத் தம்பியின் காது அவ்வளவு தெளிவாக இருந்தது. அகலமாக விரிந்த மேல் வளைவு, தனியே தொங்குகிற நுனி, உள்ளே சின்னதாக ஒரு மேடு. கை அதன் பின்னாலேயே போனது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் வரைந்ததில்லை. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்பா தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தம்பியின் காதைக் கட்டைவிரலால் நீவினார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"எம் புள்ளை காதுதான். அச்சு அசல்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வேறு காது வரும் என்றால், பையனுக்குப் போட்ட காதும் பார்த்துப் போட்டதுதான். அவனுக்கு அப்படித்தான் பட்டது.

தம்பி பொண்டாட்டி தாளை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு அண்ணி," என்றாள்.

தாளை முட்டையக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேஜைக்கு அடியிலிருந்து பையனைத் தூக்கினாள். பொம்மைக் காரை அவன் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். சொன்ன சொல்படி வாயைத் திறக்காமல் படியிறங்கினாள். தம்பி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா படுத்துவிட்டார்.

முட்டையக்கா தாளோடு வாசலுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் நிழலே இல்லை. சைக்கிள் கடையைத் தாண்டியதும் தம்பி பொண்டாட்டி நின்று, வியர்த்துப் போயிருந்த பையனின் குல்லாவைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். காது இவள் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் காதை முட்டையக்கா முதல் முறையாகப் பார்த்தாள். அகலமாக விரிந்த மேல் வளைவு. தனியே தொங்குகிற நுனி. உள்ளே அந்தச் சின்ன மேடு. கையிலிருந்த தாளைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். இனி அவளுக்குக் காதில் தப்பு வராது. அது தம்பியின் காதேதான். சின்னதாக, சிவந்து, வீங்கி.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒரு குரல் கொடுத்தால் தம்பி கதவைத் திறந்துகொண்டு ஓடிவருவான். அவள் வாய் திறந்தது. தாளில் நடுக்குழி கொஞ்சம் ஆழமாகிவிட்டது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பையன் காதில் அது இன்னும் மெலிசாக, இன்னும் மேலே தொடங்கியது.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், பென்சிலைத் தேடி எடுத்து, அந்த இடத்தைத் திருத்தினாள்.